சின்ன ஹோட்டலில் ஆள் ஏன் நிற்பதில்லை?

எட்டுப் பத்துப் பேரை வைத்து டிபன் கடையோ, மெஸ்ஸோ, பரோட்டா கடையோ நடத்தும் எந்த முதலாளியிடம் பேசினாலும், சிலிண்டர் விலையைப் பற்றிப் புலம்புவதற்கு முன்னால் வந்து விழுவது இதுதான்: ‘ஆள் நிக்க மாட்டேங்கிறாங்க.’ கூடவே, ‘சம்பளம் கூட்டிக் கொடுத்தாலும் போயிடறாங்க.’ இந்த இரண்டாவது வாக்கியத்தில் விஷயம் இருக்கிறது. சம்பளம் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். வந்தவர் ஆறு மாதம் கழித்தும் இருப்பாரா என்பது வேறு சில கேள்விகளில் தொங்குகிறது. சொன்ன தேதியில் காசு கைக்கு வருகிறதா, லீவு என்றால் நிஜமாகவே லீவா, அடுத்தவர் சொதப்பியதற்கு இவர் திட்டு வாங்குகிறாரா?

ஊக்கம் பற்றிய மேலாண்மை வகுப்புகளில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பெயர் தவறாமல் வரும். சம்பளமும் வேலைச் சூழலும் சரியாக இருந்தால் அதிருப்தி குறையுமே தவிர உற்சாகம் வராது, உற்சாகம் தருவது சாதித்த உணர்வும் பாராட்டும்தான் என்று 1959-இல் சொன்னவர். அவர் பேட்டி எடுத்தது பிட்ஸ்பர்க் நகரத்தின் இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும், சுமார் இருநூறு பேர். மாதச் சம்பளம் தேதி தவறாமல் வரும், ஞாயிறு வீட்டில் இருக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. நம்ம ஊர் சின்ன ஹோட்டலில் அந்த அடித்தளமே பாதி கிடையாது. அது இல்லாத இடத்தில் ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று போட்டோ மாட்டினால் சமையல்கட்டில் சிரிப்பார்கள்.

கூலி எவ்வளவு என்பதைவிட, எப்படி

பரோட்டா மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். சில கடைகளில் அவருக்கு நாள் சம்பளம், சில கடைகளில் மைதா கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கிலோ மைதாவில் தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,650 கிராம் மாவு வரும். 70 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 23 பரோட்டா. இருபது கிலோ ஓடும் கடையில் 460. மாலை நாலு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை 420 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் தட்டி, வீசி, சுற்றி, கல்லில் போட்டு, திருப்பி, அடுக்கி அடித்து எடுக்க வேண்டும். நடுவில் கொத்து பரோட்டாவும் முட்டை வீச்சும் வேறு. மதியம் இரண்டு மணிக்கே மாவு பிசைந்து ஊற வைத்த கையும் பல இடங்களில் அதே கைதான்.

கிலோ கூலியில் ஓட்டம் இருக்கும் நாளில் மாஸ்டருக்குக் குஷி. புரட்டாசி வந்தால் அசைவக் கடையில் வியாபாரம் விழும். ஐயப்பன் மாலை போடும் மாதங்களில் மறுபடி விழும். மழை பெய்தால் அன்றைக்கும். வியாபாரம் விழுவதில் அவர் தப்பு எதுவும் இல்லை, ஆனால் விழுகிற பாரம் அவர் தலையில். புரட்டாசியில் ஊருக்குப் போன மாஸ்டர் ஐப்பசியில் வேறு கடையில் நிற்பதற்குக் காரணம் இதுதான். தாக்குப்பிடிக்கும் முறை கலப்பு முறை: 15 கிலோ வரைக்கும் ஒரு நிலையான நாள் சம்பளம், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு, அன்றிரவே. எல்லைக்கோட்டை 15-இல் வைப்பதா 12-இல் வைப்பதா என்பதைக் கடையின் மந்தமான மாதத்து சராசரியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தீபாவளி வாரத்தைப் பார்த்து வைத்தால் மேல்காசு யாருக்கும் கிடைக்கவே கிடைக்காது.

சம்பளத்தைப் பிடித்து வைப்பது இன்னொரு பழக்கம். பத்து நாள் சம்பளம் முதலாளி கையில் இருந்தால் ஆள் ஓடமாட்டார் என்ற நம்பிக்கை. நடப்பது வேறு. பாக்கி எந்த நாளில் மிகக் குறைவாக இருக்கிறதோ அந்த நாளை, அதாவது சம்பள நாளுக்கு மறுநாளைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம் என்றால் மறுநாள் மூன்று பேர் சேர்ந்தாற்போல் வரமாட்டார்கள். சம்பளத்தை 1, 16 என இரண்டாகப் பிரிப்பதும், சமையல்கட்டுக்கு ஒரு தேதி, சப்ளையர்களுக்கு ஒரு தேதி என்று மாற்றி வைப்பதும் இதைப் பெருமளவு சரி செய்யும். பாத்திரம் கழுவும், காய் நறுக்கும் அக்காக்களுக்கு மகளிர் குழுத் தவணை எந்தக் கிழமையில் வருகிறது என்று கேட்டு, அதற்கு முந்தைய நாள் வாரக்கூலியைக் கொடுத்துப் பாருங்கள். நூறு ரூபாய் கூட்டித் தருவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது அட்வான்ஸ். இதில் முதலாளிகள் ஏமாறுவது போல வேறெதிலும் ஏமாறுவதில்லை. நல்ல மாஸ்டர் கிடைத்ததும் 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, மாதம் 2,000 பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. கழிய 25 மாதம். ‘இரண்டு வருஷத்துக்கு ஆள் நம்ம கையில்’ என்று முதலாளி கணக்குப் போடுவார். ஆறாவது மாதத்தில் எதிர்க்கடைக்காரர் மீதி 38,000-ஐக் கட்டிவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போவார். போகிறவர் தனியாகவும் போவதில்லை. ஹெல்பர், கல்லில் நிற்கும் பையன் என்று ‘செட்’டாகக் கிளம்புவார்கள். போகாமல் தங்கினாலோ, கடனுக்காகத் தங்கியவரின் கையில் பரோட்டா எப்படி வரும் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியும். சட்டப்படியும் இது ஆபத்தான இடம். கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஒருவர் வேறு வேலைக்குப் போவதைத் தடுத்தால், 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குறுக்கே வரும்.

ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாத கைமாற்று, நாலைந்து மாதத்தில் கழிகிற மாதிரி, நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு. இதுதான் பாதுகாப்பு. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் என்று ஜூன் மாதத்தில் கேட்டவருக்குப் பத்தாயிரம் அன்றைக்கே கிடைத்தால், அது ஆள் சேரும்போது கொடுத்த ஐம்பதாயிரத்தைவிட நீண்ட நாள் நினைவில் நிற்கும்.

சோம்புத் தட்டு காலியான கதை

சப்ளையர்களின் வருமானத்தில் சத்தமில்லாமல் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. முன்பெல்லாம் பில் சோம்புத் தட்டில் வரும். 87 ரூபாய் பில்லுக்கு நூறு ரூபாய் வைத்தால் மீதி 13 அதே தட்டில் திரும்பும், பத்தை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுப் போவார்கள், அல்லது சில்லறை மொத்தத்தையும். இப்போது வாடிக்கையாளர் நேரே கல்லாவுக்குப் போய் ஸ்கேன் செய்கிறார். ‘எண்பத்தேழு ரூபாய் பெறப்பட்டது’ என்று பெட்டி சத்தமாக அறிவிக்கிறது. சில்லறை என்ற சங்கதியே இல்லை. யாரும் கஞ்சத்தனமாக மாறவில்லை, விட்டுப்போகச் சில்லறைதான் இல்லாமல் போயிற்று. ஆப் வழியாக வரும் பார்சல்களில் நிலைமை இன்னும் மோசம். சாம்பார், இரண்டு சட்னி, பொடி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி, லேபிள் ஒட்டி, டெலிவரி தம்பியின் அவசரத்தையும் சமாளிக்க வேண்டும். டேபிளில் பரிமாறுவதைவிட வேலை அதிகம், டிப்ஸ் பூஜ்யம்.

இதை ஈடுகட்ட பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்க்க முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தடுத்துவிட்டது. செய்யக்கூடியவை இரண்டு. பார்சல் ஒன்றுக்கு இரண்டோ மூன்றோ ரூபாயைக் கட்டுகிறவர் கணக்கில் எழுதி இரவில் கொடுப்பது ஒன்று. கல்லாப் பக்கத்தில் பணியாளர்களுக்கென்று தனி ஸ்கேன் அட்டையும் ஒரு உண்டியலும் வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் சண்டை வர நிறைய வாய்ப்பு உண்டு. அட்டை யாருடைய வங்கிக் கணக்கு? ஒருவர் பெயரில் நிரந்தரமாக இருந்தால் மூன்றாவது வாரம் சந்தேகம் கிளம்பும். வாரம் ஒருவர் அட்டையை மாட்டி, கடை சாத்தும்போது எல்லோரும் பார்க்கப் போனைத் திறந்து எண்ணி, அன்றன்றைக்கே பிரிப்பதுதான் வழி. பங்கு விகிதத்தை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். சப்ளையருக்கு இரண்டு பங்கு, டேபிள் துடைப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் ஒவ்வொன்று என்று பெரும்பாலும் முடிகிறது. உடைந்த கிளாஸுக்கு அந்த உண்டியலில் முதலாளி கை வைத்தால் அன்றோடு அது செத்தது.

கல்லுக்கும் டேபிளுக்கும் நடுவில்

வேலையை விட்டுப் போனவர்களிடம் காரணம் கேட்டால் ‘சம்பளம் பத்தல’ என்று சொல்வார்கள், அது சொல்லச் சுலபம். உள்ளே தோண்டினால் பாதி நேரம் சப்ளையருக்கும் மாஸ்டருக்கும் நடந்த சண்டை இருக்கும்.

காலை எட்டரை மணிக்கு ஒரு டிபன் கடை. இரண்டு சப்ளையர்கள் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கிறார்கள்: ‘ரெண்டு மசால், ஒரு ஊத்தப்பம்!’ ‘ஒரு பொடி, ஒரு ஆனியன், நெய் வேணாம்!’ தோசைக் கல்லில் ஆறு தோசை வேகிறது. மாஸ்டர் காதில் கடைசியாக விழுந்தது முதலில் வருகிறது. நாலாம் டேபிளில் முன்னால் வந்தவர் காத்திருக்க, பின்னால் வந்தவர் சாப்பிட ஆரம்பிக்கிறார். திட்டு சப்ளையருக்கு. அவர் உள்ளே ஓடி, ‘மாஸ்டர், நாலாம் டேபிள் எவ்ளோ நேரம்?’ என்கிறார். சொல்கிறவருக்கு வயது இருபத்திரண்டு, கேட்கிறவருக்கு நாற்பத்தைந்து, சம்பளமும் ஏறக்குறைய இரட்டிப்பு. ‘அவசரம்னா நீயே வந்து ஊத்து.’ கரண்டி கல்லில் ‘டங்’கென்று விழும் சத்தம் கல்லா வரை கேட்கும்.

வில்லியம் ஃபுட் வைட் என்ற சமூகவியலாளர் 1940-களில் சிகாகோ உணவகங்களில் இதே காட்சியைத்தான் பார்த்தார். பரிமாறும் இளம்பெண்கள், தங்களைவிட அந்தஸ்தில் மேலே இருக்கும் சமையல்காரர்களுக்கு வாயால் ஆர்டர் சொல்ல வேண்டியிருந்தது. சமையல்காரர்கள் முறைத்துக்கொண்டு வேண்டுமென்றே தாமதித்தார்கள், பெண்கள் அழுதார்கள். அவர் கவனித்த தீர்வில் யாருக்கும் அறிவுரை கிடையாது. ஆர்டரைச் சீட்டில் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைப்பது, நடுவில் உயரமான ஒரு தடுப்பு. ஆள் ஆளுக்கு உத்தரவு போடுவது போய், சீட்டு வரிசையில் நின்றது. எந்தச் சீட்டை முதலில் எடுப்பது என்பது சமையல்காரர் கையில்.

அந்தக் கம்பி நம் கடைகளிலும் இருக்கிறது, கல்லாவில் பில் குத்தி வைக்க. அதையே கல்லுக்குப் பக்கத்துத் திட்டில் கொண்டுபோய் வைக்கலாம். மாஸ்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால், இன்றைக்கு ஒடிசா, வங்காளம், அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள் கல்லில் நிற்கும் கடைகள் ஏராளம், அங்கே வண்ண பிளாஸ்டிக் டோக்கன் போதும். மஞ்சள் மசால், சிவப்பு பொடி, வெள்ளை சாதா. டோக்கனை டேபிள் எண் எழுதிய தட்டில் போட்டு வரிசையாகத் தள்ள வேண்டும். தட்டு திரும்பும்போது டோக்கனும் திரும்பும். கவனிக்க வேண்டியது ஒன்று: வரிசையைத் தாண்டி ‘நம்ம ஆளு, சீக்கிரம் போடு’ என்று முதலாளியே உள்ளே போய்க் குரல் கொடுத்தால் ஒரே நாளில் பழைய நிலைமை திரும்பிவிடும்.

லீவு என்பது ஒரு கூட்டல் கணக்கு

உணவகங்களுக்கென்றே 1958-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. காலை ஐந்துக்கு மாவு வாளியைத் தூக்குகிறவர் இரவு பத்தரைக்குக் கல்லைச் சுரண்டும் கடைகளில் இந்த எண்களைச் சொன்னால் ‘நடுவில் ரெஸ்ட் இருக்கே’ என்பார்கள். அந்த ரெஸ்ட்டைப் பார்த்தால் தெரியும். மூன்றரைக்கு சாப்பாடு முடிந்து பாயை விரித்தால், நாலு மணிக்கு ‘தம்பி, ஓடிப்போய் கொத்தமல்லி வாங்கிட்டு வா’. மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை யாரையும் எழுப்புவதில்லை என்று வைத்து, ஸ்டோர் ரூமில் ஒரு ஃபேனைப் போட்டால், இரவு வேலையின் தரமே மாறும். இரவு எட்டு மணிக்கு வரும் கைநடுக்கம், சூடுபடுதல், கிளாஸ் உடைதல் பெரும்பாலும் தூக்கக் கடன்.

வார லீவு கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறு பேருக்கு வாரம் ஒரு நாள் லீவு என்றால் ஆறு நாள் இடைவெளி. ஏழாவதாக ஒருவர் அந்த ஆறு நாளையும் நிரப்பி, மீதி ஒரு நாள் தானும் லீவு எடுக்கலாம். ஆறுக்கு ஒன்று, அவ்வளவுதான் செலவு. சிக்கல் வேறு இடத்தில். பெரிய ஹோட்டலில் ஆறு பேரும் சப்ளையர்கள், மாற்று ஆள் சுலபம். சின்னக் கடையில் ஆறு பேரும் ஆறு வேலை. மாற்று ஆளுக்குத் தோசை ஊற்றவும், சட்னி தாளிக்கவும், டேபிள் பார்க்கவும், பார்சல் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவரை வெளியில் தேடினால் கிடைக்காது, உள்ளேயே வளர்க்க வேண்டும். வெங்காயம் உரிக்க வந்த ஹெல்பர்தான் அந்த ஆள்.

இங்கே மாஸ்டர் குறுக்கே நிற்பார். ஹெல்பர் கற்றுக்கொண்டால் குறைந்த சம்பளத்துக்கு அவரை வைத்துக்கொண்டு தன்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான், பல கடைகளில் அப்படி நடந்திருக்கிறது. அதனால் மசாலாவை ஹெல்பர் வருவதற்கு முன்னாலேயே கலந்துவிடுவார், அளவைக் கையில் எடுப்பார், கரண்டியில் எடுக்கமாட்டார். ‘கைப்பக்குவம்’ என்று நாம் கொண்டாடுவதில் கொஞ்சம் இந்தத் தற்காப்பும் கலந்திருக்கிறது. சொல்லிக்கொடுப்பதற்கென்று தனியாகக் காசு கொடுத்தால் இது இளகும்: ஹெல்பர் ஒரு வாரம் தனியாகக் கல்லைச் சமாளித்தால் மாஸ்டருக்கு ஒரு தொகை. கூடவே, மாஸ்டர் லீவில் போகும் நாளுக்கும் சம்பளம் உண்டு என்ற வாக்கு. அப்போது ஹெல்பர் தேறுவது மாஸ்டருக்கே லாபம், பங்குனி உத்திரத்துக்கோ ஊர்க் கொடைக்கோ நிம்மதியாகப் போய்வரலாம். ஹெல்பருக்கும் அடுத்த படி கண்ணுக்குத் தெரியும். வெளிமாநிலத் தம்பிகளுக்கு துர்கா பூஜை, சத் பூஜை, பிஹு. ரயில் டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன்பே போட வேண்டும் என்பதால் லீவையும் அப்போதே உறுதி செய்ய வேண்டும். கடைசி வாரத்தில் ‘பார்க்கலாம்’ என்றால், போகிறவர் திரும்பமாட்டார்.

கடைசி வரிசையில் இருப்பவர்

பாத்திரம் கழுவும் ஆளுக்குத்தான் எல்லாக் கடையிலும் குறைந்த கூலி, அவர் வராத நாளில்தான் கடை முதலில் நிற்கும். பதினொரு மணிக்குத் தட்டுத் தீர்ந்துவிட்டால் மாஸ்டர் எவ்வளவு வேகமாக ஊற்றி என்ன? சோடாத்தூளும் வெந்நீரும் பட்டு விரலிடுக்கு வெந்து, ஈரத்தில் நின்று காலில் சேற்றுப்புண். முழங்கை வரை ரப்பர் கையுறை, கம் பூட்ஸ், இடுப்பு உயரத் தொட்டி, இந்த மூன்றும் இல்லாமல் அந்த இடத்தில் யாரும் மூன்று மாதம் தாண்டுவதில்லை. தட்டின் மேல் வட்டமாக நறுக்கிய வாழையிலை போட்டால் தேய்க்கும் வேலை பாதியாகும்.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். பதினொரு மணியிலிருந்து சாம்பார் வாசனையில் நிற்பவருக்கு நாலு மணிக்கு அடிவண்டல்தான் கிடைக்கிறது. பத்தேமுக்காலுக்கு, மதிய ஓட்டம் ஆரம்பிக்கும் முன், சூடாக ஒரு தட்டு. வட இந்தியத் தம்பிகள் ரொட்டி, ஆலு என்று தாங்களே போட்டுக்கொள்ள ஒரு தனி அடுப்பு. செலவு அற்பம்.

பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு வந்துவிடும் என்று ஒன்பதில் நிறுத்தும் முதலாளிகள் உண்டு. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். அதற்குக் குடும்பத்துக்கே மருத்துவம், உடம்பு முடியாத நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். வெந்நீர், எண்ணெய், கத்தி நடுவே வேலை செய்கிறவருக்கு இது என்னவென்று தெரியும். ஒன்பதில் நிற்பவர்கள் குறைந்தபட்சம் வங்கிக் கணக்கு வழியாக ஆளுக்கு வருடம் 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டையாவது போட்டுக் கொடுக்கலாம், 2 லட்ச ரூபாய் வரை பாதுகாப்பு. பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஹோட்டலிலும் டீக்கடையிலும் வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை. அதற்குப் பின்னும் ‘பையா’ என்ற விளி மட்டும் மாறவில்லை. இருபத்தைந்து வயதுக்காரரை, கல்யாணமானவரை, வாடிக்கையாளர் முன்னால் ‘டேய் பையா’ என்று கூப்பிடும் கல்லா நிறைய. பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக் காசு இல்லை.

ஒருவர் வராத நாளில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சப்ளையர் ஒருவர் வரவில்லை, அவருடைய நாலு டேபிளையும் மற்ற மூன்று பேர் பார்க்கிறார்கள். அன்றைக்கு அவர் சம்பளம் 600 ரூபாய் முதலாளிக்கு மிச்சம். வேலை மிச்சமாகவில்லை, மூன்று பேர் தலையில் ஏறியது. அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும், கல்லாவைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார்கள். கடை சாத்தும்போது அந்த அறுநூறை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு இருநூறு கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஒதுக்கி வைத்த காசுதான், புதுச் செலவு ஒன்றும் இல்லை. அந்தக் கடைகளில் மறுநாள் காலை, வராதவர் வந்துவிட்டாரா என்று மற்றவர்கள் முறைத்துப் பார்ப்பதில்லை. ‘என்னப்பா, உடம்பு பரவாயில்லையா?’ என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.